ஆறு பரப்பும் நாலாம் நாள் தண்ணீரும்

அன்று காணிக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் ஆறு பேர். காணிக்காரர், புகையிரதப் பகுதியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் கிளாக்கர் என்றால்தான் தெரியும். அவருடைய மனைவி, காணி அந்த அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, ஆகவே அவரும் கையெழுத்து வைக்க வேண்டும். நொத்தாரிசு கந்தோரில், காணி உறுதி எழுதும் இடத்தில், முன்பு எழுத்து வேலை பார்த்த ஒருவர். குத்தகைத் துண்டு எழுத வந்திருந்தார். என் மனைவியின் தம்பி, காசு அவனுடையது. என் மனைவி. பிறகு நான். எங்கள் பெண் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். படிப்பதற்கு அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை ஒன்றில்தான் இரண்டு வருடமாக நாங்கள் குடியிருந்தோம்.

ஏழாவதாக ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி அது. எங்கள் ஊர் வடக்கே, விமானத் தளத்துக்குப் பக்கத்தில். தொண்ணூறில் ஷெல் விழத் தொடங்கியதும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். அங்கே எனக்கு என்று பத்துப் பரப்புச் செம்மண், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, இருந்தது. நடுவில் என் கிணறு, கிணற்றடியில் இறைக்கிற மெசின். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கியவன் நான். வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. வகுப்பறையில் பன்னிரண்டு குடும்பங்களோடு சீலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தபோது, ஆறு பரப்பு நிலமும் அதன் மூலையில் ஒரு கொட்டிலும் கிடைத்தால் காணும், அதுவே போதும், பிள்ளைகள் கதவு சாத்திக்கொண்டு படுக்கலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்படித்தான் இணுவில் பக்கத்தில் இந்தக் காணி அகப்பட்டது.

நான் பயந்த சுபாவக்காரன். ஒரு அலுவலுக்கு வெளிக்கிட்டால், அது பிழைக்கக்கூடிய வழிகளை எல்லாம் முதலில் எண்ணிப் பார்த்துவிடுவேன். குத்தகை பேசிய அன்றும் அப்படித்தான். நாலு எல்லைக் கல்லையும் தொட்டுப் பார்த்தேன். கயிறு பிடித்து அளந்தேன். காணி ஈட்டில் கிடக்கிறதோ என்று கேட்டேன். காணிக்கார அம்மாவின் சகோதரர்களுக்குப் பங்கு ஏதும் உண்டோ, வேலி ஆருடையது, எல்லைப் பனையின் ஓலை ஆருக்கு, பாம்புப் புற்று இருக்கிறதோ, ஆமி இந்தப் பக்கமும் வந்தால் மிச்ச மாதக் காசு திரும்புமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

கிளாக்கரின் மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

“பிள்ளை, உம்மடை மனுசன் கலியாணம் பேசேக்கையும் இவ்வளவு கேள்வி கேட்டவரோ?”

“அப்ப ஒண்டும் கேக்கேல்லை மாமி. அதுதான் இப்ப எல்லாத்தையும் சேத்துக் கேக்கிறார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் இன்னும் எதையோ விட்டுவிட்டேன் என்று அரித்துக்கொண்டே இருந்தது.

கிணறு காணியின் வடகிழக்கு மூலையில், எல்லையோடு ஒட்டி இருந்தது. குனிந்து பார்த்தேன். மார்கழி மழைக்கு நிறைந்து கிடந்தது. வாளியால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன், உப்போ என்று. நல்ல தண்ணீர்.

“ஐயா, சித்திரையிலை வத்துமோ?”

“எங்கடை கிணறு வத்தி நான் காணேல்லைத் தம்பி,” என்றார் கிளாக்கர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கிணறு வற்றுமோ என்று கேட்டவன், தண்ணீர் ஆருக்கு என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் என் கிணற்றில் நானே முதலாளி. விடியப்புறம் இறைத்தாலும் பின்னேரம் இறைத்தாலும் கேட்க ஆளில்லை. நாலு பேர் பங்குக்கு ஒரு கிணறு, நாளுக்கு ஒருவர் முறை என்பதெல்லாம் அயலூர்க் கதையாகக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அது எனக்கும் நடக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

எழுத்துக்காரர் துண்டை வாசித்தார். “இன்னும் ஏதும் சேக்கவேணுமோ?” என்று என்னைக் கேட்டார். நான் யோசித்து, வடக்கு எல்லைக் கல்லை இன்னொருக்கால் விபரமாக எழுதச் சொன்னேன்.

“அத்தான், காணும்,” என்றான் மச்சான். “விட்டால் கல்லிட்டையும் கையெழுத்து வாங்குவியள்.”

கையெழுத்துகள் விழுந்தன. ஒரு வருடத்துக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய், முழுக்க முற்பணம். மச்சான் எண்ணிக் கொடுத்தான்.

அந்தக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்று வைத்திருந்த காசு. கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய், கொழும்பில் நின்று, வெளிநாட்டுக்கு ஏதாவது வழி பார்ப்பது அவனுடைய யோசனை. சித்திரை வருசப் பிறப்புக் கழியத்தான் பயணம். அதற்கு முதல் உங்கள் வெங்காயம் கிண்டுப்பட்டுவிடும்தானே என்று அவனாகவே சொல்லித் தந்தான். குத்தகைக்கு நாலாயிரத்து இருநூறு, அந்தருக்கு ஐம்பது கிலோ என்று ஆறு அந்தர் விதை வெங்காயத்துக்கு ஐயாயிரத்து நானூறு, கொட்டிலுக்குத் தடியும் தென்னோலைக் கிடுகும் தொளாயிரம். மொத்தம் பத்தாயிரத்து ஐந்நூறு. என் மனைவியின் காதுத் தோட்டை விற்று ஆயிரத்து ஐந்நூறு போட்டோம். ஒன்பதாயிரம் அவனுடையது. வெங்காயம் பிழைத்தால் அவனுடைய பயணம் பிழைக்கும். அதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு அந்த மூன்று மாதமும் சாப்பாடு இறங்காமல் போனது.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை நட்டோம். மழை விட்டு அதிக நாள் ஆகவில்லை. மண் ஈரமாகவே கிடந்தது. பத்து நாள் போலத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஆறு பரப்பும் பச்சைப் பசேல் என்று முளை எறிந்தது. பிள்ளைகள் கொட்டிலுக்குள் தங்களுக்கென்று ஒரு மூலையைப் பிரித்து, கோடு கீறி, தாயைக்கூட அதற்குள் வர விடவில்லை. மனைவி அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று அனுமதி கேட்டுப் பாயை உள்ளே நீட்டுவாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

முதலாவது இறைப்பு நாள் வந்தது. மெசினை வாடகைக்கு எடுத்தாலும் ஓட்ட மண்ணெண்ணெய் இல்லை. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை காரணமாக ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்குகிற காசில் அரிசி வாங்கலாம். ஆகவே கயிற்றையும் வாளியையும் கொண்டுபோய்க் கையால் அள்ளி வாய்க்காலில் ஊற்றத் தொடங்கினேன். இருபது வாளி அள்ளியிருப்பேன்.

“ஆரது கிணத்தடியிலை?”

பக்கத்துக் காணியிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். புகையிலைப் பால் பட்டுக் கை கறுத்திருந்தது.

“நான்தான் அம்மா. கிளாக்கரிட்டைக் குத்தகைக்கு எடுத்த ஆள்.”

“அது தெரியும். கொட்டில் போட்ட அண்டே கண்டனான். இண்டைக்கு ஆற்றை முறை எண்டு தெரியுமோ?”

எனக்கு விளங்கவில்லை. அவர் கிணற்றுக்கட்டில் குந்தி, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல விரல் மடக்கினார். கிணற்றில் நாலு பங்கு. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒழுங்கைப் பாதைக்கு அந்தப்புறம் இருக்கிற அண்ணன் தம்பிக்கு. மூன்றாம் நாள் அவருக்கு. நாலாம் நாள் கிளாக்கருக்கு. ஆனால் கிளாக்கர் தோட்டத்தைக் கைவிட்டபோது, தன்னுடைய நாலாம் நாள் தண்ணீரை மூன்று வருடத்துக்கு அவரிடம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். காசும் முழுக்க வாங்கியாயிற்று. வருகிற ஆவணி வரைக்கும் அது இந்த அம்மாவுடையது.

“அப்ப காணிக்கு?” என்று கேட்டேன்.

“காணிக்கு வானத்துத் தண்ணி,” என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “எனக்கும் துண்டு இருக்குத் தம்பி. வேணுமெண்டால் கொண்டுவந்து காட்டிறன்.”

வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். என் தலைக்குள் முதலில் ஓடியது வெங்காயம் அல்ல. மச்சான் முகம்.

அப்படியே கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் அப்போது வானொலி கேட்பது. டைனமோவைச் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி என்னைக் கண்டதும் நிறுத்தினார், செய்தியும் நின்றது.

“ஐயா, தண்ணி வேறை ஆளுக்குக் குடுத்திருக்கிறியளாம்.”

“ஓம்.”

“ஏன் ஐயா சொல்லேல்லை?”

“நீர் காணியைத்தானே கேட்டனீர். ஓலையைக் கேட்டீர், சொன்னன். பாம்பைக் கேட்டீர், சொன்னன். தண்ணியைக் கேக்கேல்லை. தண்ணி தேவையில்லாத மரவள்ளி நடப்போறீர் எண்டெல்லோ நான் நினைச்சன்.”

“ஆறு பரப்பு மரவள்ளிக்கு ஆராவது நாலாயிரத்து இருநூறு குடுப்பினமோ ஐயா?”

அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டு, காசு கொழும்பில் இருக்கிற மகனின் அறை வாடகைக்குப் போய்விட்டது என்றார். அதுவும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் வீட்டு அடுப்பிலும் அன்று மரவள்ளிதான் வெந்துகொண்டிருந்தது.

எழுத்துக்காரரிடமும் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். “காணி உறுதி எண்டால் கிணத்துப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எண்டு கேளாமலே எழுதுவன், அது வழக்கம். இது ஒரு வருசத் துண்டு. சொன்னதைத்தான் எழுதினனான். கேட்டனான்தானே, ஏதும் சேக்கவேணுமோ எண்டு. நீர் கல்லைச் சேக்கச் சொன்னீர்.”

அடுத்தது ஒழுங்கைக்கு அந்தப்புறத்து அண்ணன் தம்பி. மூத்தவர் நல்லாய்த்தான் கதைத்தார். ஆனால் ஒரு மணித்தியாலம்கூடத் தர முடியாது என்றார். ஒருக்கால் முறை மாறி ஒருவன் தண்ணீர் எடுத்தால், நாளைக்கு அவன் அதை உரிமை என்பான். பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரும் என்றார். நான் அகதி ஐயா, பத்து வருடம் இங்கே இருக்கமாட்டேன் என்றேன். “எல்லாரும் அப்பிடித்தான் வாறது,” என்றார் அவர்.

பிறகு வந்த பன்னிரண்டு நாளை எப்படிச் சொல்வது. கோயிலடியில் ஒரு பொதுக் கிணறு இருந்தது; கால் மைல் தூரம். நானும் மனைவியும் பிள்ளைகளும் வாளி, கிடாரம், பழைய எண்ணெய்த் தகரம் என்று எல்லாவற்றிலும் சுமந்தோம். ஒரு பாத்திக்கு எட்டு வாளி வேண்டும். ஆறு பரப்பில் எத்தனை பாத்தி என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மனைவிக்குச் சொல்லாமல் விட்டேன். கடைசிப் பாத்திக்குப் போக முதலே முதல் பாத்தி காய்ந்துவிடும். வெங்காயத் தாளின் நுனி மஞ்சளித்து, பிறகு வெள்ளையாகி, நூல்போலச் சுருண்டது. காலையில் எழும்பியதும் நான் முதலில் பார்ப்பது அந்த நுனியைத்தான். ஒரு விரல் அளவு என்றிருந்தது இரண்டு விரலாயிற்று.

மச்சான் ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்தான். அவனிடம் மறைத்துத்தான் வைத்திருந்தோம். வேலியடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, பாத்திகளுக்கு இடையில் ஒரு நடை நடந்து திரும்பினான்.

“அத்தான், எல்லாத்தையும் கேட்டியள். பனை ஓலையைக் கேட்டியள். நான் விசரன், உங்கடை கேள்வியைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தன்.”

“மச்சான், நான்—”

“விடுங்கோ. துண்டை நானும் வாசிச்சனான்தானே.” அவன் மண்ணைக் காலால் கிளறினான். “சித்திரை இருபதுக்கு வள்ளக்காரனுக்குச் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான் சொல்லலாம்.”

அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன். நிறையத் தண்ணீர். என் காலடியில் இருந்தும் எனக்கில்லாத தண்ணீர். விழுந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. வந்த கையோடு, விழுந்தால் நாலு பங்குக்காரரும் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும், அந்தச் செலவையும் மச்சான் தலையில்தான் கட்டுவார்கள் என்ற பயமும் வந்தது. எழும்பிக் கொட்டிலுக்குப் போனேன்.

அடுத்த நாள் மனைவி எனக்குச் சொல்லாமல் பக்கத்துக் காணிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து, “வாங்கோ, அந்த அம்மா கூப்பிடுறா,” என்றாள்.

அவருக்கும் கஷ்டம் இருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் அவருடைய மெசின் சாக்கால் மூடிக் கிடந்தது. கணவர் இறந்து கன காலம். ஒரே மகன் ஜெர்மனியில். புகையிலை இடுப்பளவு நின்றது. கிணற்றடியில் பழைய துலா, மிதித்து இறைக்கிற ஏற்றம், ஒன்று இருந்தது. அதைச் செப்பனிட்டு, கூலிக்கு ஆள் பிடித்துத்தான் இறைத்து வந்தார். துலா மிதிக்கிற ஆளும் முந்தின கிழமை கிளாலியால் போய்விட்டான்.

“காசு வேண்டாம்,” என்றார். “என்ரை நாளும் கிளாக்கரின்ரை நாளும், இரண்டு நாளும் நீ எனக்குத் துலா மிதி. நான் பட்டை பிடிக்கிறன், உன்ரை மனுசி வாய்க்காலிலை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறட்டும். கிளாக்கரின்ரை நாளிலை மத்தியானத்துக்குப் பிறகு வாற தண்ணி உனக்கு. துலாவிலை ஏறுவியோ, இல்லாட்டி அதுக்கும் முதல் நாலு கல்லையும் தொட்டுப் பாக்கவேணுமோ?”

ஊர் முழுக்க என் கல்லுக் கதை பரவியிருந்தது. ஏறுவேன் என்றேன்.

நாலு நாளுக்கு ஒரு அரை நாள் தண்ணீர். அது மூன்று பரப்புக்குத்தான் காணும். மற்ற மூன்று பரப்பையும் சாக விட வேண்டும். எந்த மூன்று என்று தெரிவு செய்வது என் வேலையாயிற்று. கிணற்றுக்குக் கிட்ட உள்ளது வாய்க்கால் தூரம் குறைவு. ஆனால் அங்கே பயிர் ஏற்கெனவே மோசம். தூரத்தில் உள்ளது நல்லாய் நிற்கிறது; ஆனால் வாய்க்காலே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு காலை முழுக்க இங்கும் அங்கும் நடந்தேன். கடைசியில் மனைவி மண்வெட்டியை வாங்கி, நடு வாய்க்காலை வெட்டி மறித்து மண்ணைப் போட்டாள்.

“கிட்ட உள்ளது எங்களுக்கு. அங்காலை பாக்காதேங்கோ.”

நான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அந்த மூன்று பரப்பிலும் இருந்து பச்சை மிச்சமாக உள்ள தாளைப் பிள்ளைகள் பிடுங்கி வருவார்கள். பதினைந்து நாள் எங்களுக்கு வெங்காயத் தாள் கறிதான்.

துலா என்பது கிணற்றுக்கு மேலே ஆடுகிற நீட்டு மரம். அதில் ஏறி நின்று, பக்கத்தில் கட்டிய தடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் நடந்தால் மரத்தில் தொங்குகிற கொடிக் கயிறு இறங்கும், அதன் நுனியில் கட்டிய ஓலைப் பட்டை தண்ணீரில் தாழும். பின்னுக்கு நடந்தால் மேலே வரும். கிணற்றடியில் நிற்பவர் கொடியைப் பிடித்துப் பட்டையைக் கவிழ்த்து ஊற்றுவார். பார்த்தால் விளையாட்டுப்போல இருக்கும். என் ஊரில் என் கால் ஒரு நாளும் துலாவில் பட்டதில்லை. முதல் நாள் இறங்கியபோது முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாம் நாள் ஹெலி வந்தது, மேலிருந்து சுடுகிற ஹெலிகொப்டர்.

சத்தம் தெற்கே இருந்து வந்தது. நான் மரத்தின் உச்சியில், வெட்ட வெளியில், ஒரு கொடி மரத்துக் காகம்போல நிற்கிறேன். “அசையாதை, நடந்துகொண்டிரு, தோட்டக்காரன் எண்டு விட்டிடுவான்,” என்று அந்த அம்மா கீழே நின்று சொன்னார். எனக்கு அது கேட்டது. கேட்டும் குதித்தேன்.

நிறைந்த பட்டை பாதி வழியில் மேலே வந்துகொண்டிருந்த நேரம். என் பாரம் மரத்தை விட்டுப் போனதும், கிணற்றுப் பக்கம் அப்படியே சாய்ந்தது. கொடி அவருடைய இரண்டு கைக்குள்ளாலும் உரஞ்சிக்கொண்டு போய், அவரைக் கிணற்றுக்கட்டின்மேல் இழுத்துப் போட்டது. மனைவி வாய்க்காலில் இருந்து ஓடி வந்து இடுப்பில் பிடித்திராவிட்டால் உள்ளே போயிருப்பார். ஹெலி எங்களைப் பார்க்கவும் இல்லை. அது தன் பாட்டில் கடற்கரைப் பக்கம் போய்விட்டது.

அவர் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நான் மண்ணில் இருந்தபடியே, இனி முடிந்தது, இந்த மூன்று பரப்பும் போய்விட்டது என்று நினைத்தேன். அவருடைய கையைப் பற்றி நினைக்கவில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

“தம்பி,” என்றார் அவர். “பயப்பிடு. வேண்டாமெண்டு சொல்லேல்லை. கீழை நிண்டு பயப்பிடு.”

அதற்குள் என் மனைவி கொட்டிலுக்குப் போய்த் திரும்பிவிட்டாள். என் பழைய சாரத்தை முழங்கால் தெரிய மடித்துக் கட்டியிருந்தாள். மேலே என் சேட்டு. துலாவில் ஏறினாள். முதல் நாலு நடை தடுமாறினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா கையில் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் கொடியைப் பிடித்தார். நான் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன்.

பெண் துலா மிதிப்பதை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை. அண்ணன் தம்பியில் இளையவர் வேலியடிக்கு வந்தார்.

“என்ன இது? பொம்பிளை கிணத்துக்கு மேலை நடக்கிறதோ? குடிக்கிற தண்ணியெல்லோ. சுத்தம், துடக்கு, தீட்டு ஒண்டும் இல்லையோ?”

“உமக்குத் துடக்கெண்டால் நீர் வந்து மிதியும்,” என்றார் அந்த அம்மா, கொடியை விடாமலே. “சம்பளம் தரமாட்டன், தேத்தண்ணி தருவன்.”

அவர் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து ஒழுங்கையால் போகிற சைக்கிள்கள் எங்கள் வேலியடியில் மெதுவாகும். என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் “துலாக்காரி மகள்” என்று பெயர் வந்தது. மனைவி அதைக் கேட்டு, “காரி எண்டால் நல்லதுதானே, சொந்தக்காரி எண்ட மாதிரி,” என்று சிரித்தாள். இரவில் கால் குதியில் எண்ணெய் தேய்க்கும்போது சிரிக்கவில்லை. குதி பிளந்து, பிளவுக்குள் செம்மண் ஏறியிருந்தது. நான் தேய்த்து விடுகிறேன் என்றால் காலை இழுத்துக்கொள்வாள்.

பங்குனி முடியும்போது ஒருநாள், அவள் துலாவில் நிற்கும் நேரம் மச்சான் வந்தான். சைக்கிளால் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி, வேலிக்கு மேலாகத் தன் அக்கா மரத்தில் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்டாள், நடையை நிறுத்தவில்லை. நான் மண்வெட்டியை வைத்துவிட்டு அவனிடம் போக, அவன் சைக்கிளைத் திருப்பிவிட்டான்.

சித்திரையில் கிண்டினோம். மூன்று பரப்பில் பதினைந்து அந்தர். அந்த மண்ணுக்கு அது குறைவு, அந்தத் தண்ணீருக்கு அதிகம். ஆனால் சந்தையில் வெங்காயம் குவிந்து கிடந்தது. பாதை பூட்டியிருந்தபடியால் கொழும்புக்கு ஏற்ற வழியில்லை. தொளாயிரத்துக்கு வாங்கிய விதை அந்தர், இப்போது நானூற்றைம்பதுக்கு மேல் கேட்பாரில்லை. மூன்று நாள் சந்தைக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், மூன்று வியாபாரிகளிடமும் கேட்டேன், மூன்று பேரும் ஒரே விலை சொன்னார்கள். ஒரு அந்தரை விதைக்கு வைத்துக்கொண்டு பதினாலையும் விற்றேன். ஆறாயிரத்து முந்நூறு. அரிசிக் கடைக்குத் தொளாயிரத்து ஐம்பது கொடுக்காமல் ஊருக்குள் நடக்க முடியாது. கொடுத்தேன்.

சித்திரை பத்தொன்பது பின்னேரம் மச்சான் ஒரு சின்னத் தோல் பையோடு வந்தான். மனைவி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடியும் மட்டும் நான் காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று வார்த்தை கட்டிக்கொண்டிருந்தேன். ஐயாயிரத்து முந்நூற்றைம்பதையும் அவன் கையில் வைத்தேன்.

“எண்ணிப் பாரும் மச்சான். குறையத்தான் இருக்கு. மிச்சத்தை அடுத்த போகத்துக்கு—”

“எண்ணமாட்டன் அத்தான்.” அவன் தாளை மடித்தான். “இது அக்கா மரத்திலை ஏறி நடந்த காசு. எண்ண எனக்குக் கை வராது.”

“வள்ளத்துக்குக் காணுமோ?”

“வள்ளத்துக்குக் காணும். அங்காலைதான் பாக்கவேணும்.”

அக்காவின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அடுத்த நாள் இரவு கடல் கடந்துவிட்டான் என்று ஒரு கிழமைக்குப் பிறகுதான் அறிந்தோம். அந்த ஒரு கிழமையும் நான் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் காசு போதாமல் பதினான்கு மாதம் ஒரு கடையில் மூட்டை சுமந்தான். அந்தப் பதினான்கு மாதமும் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் விலை என்று எனக்குத் தெரியும். அவனும் அதைத் தெரிந்தவன்.

அடுத்த போகம் நினைத்தபடி வரவில்லை. ஆவணியில் நாலாம் நாள் தண்ணீரைக் கிளாக்கர் கூடின விலைக்கு அண்ணன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். மார்கழியில் குத்தகையும் முடிந்தது. தடியையும் கிடுகையும் பிடுங்கி, கட்டிக்கொண்டு, வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து எழும்பியபோது, அங்கிருந்தும் நடந்தோம்.

மச்சான் கடிதம் போடுவான். முதலில் கொழும்பிலிருந்து, பிறகு குளிர் நாட்டிலிருந்து. அக்கா சுகமோ, பிள்ளைகள் படிக்கிறார்களோ, அத்தான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாரோ என்று கேட்பான். ஒவ்வொரு கடிதத்தையும் நான் இரண்டு தரம் வாசிப்பேன், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பேன். காசைப் பற்றி ஒரு வரியும் இராது. இரண்டு தரம் நானாக எழுதினேன், மிச்சத்தை மறக்கவில்லை என்று. பதிலில் அங்கே பனி பெய்கிற விதத்தைப் பற்றி எழுதியிருந்தான். கேட்டுவிட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும். கேட்கமாட்டான். வட்டி இல்லாமல், ஒன்பதாயிரத்தில் அவன் எண்ணாமல் மடித்துக்கொண்டு போனது போக, மூவாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.